சூடானதும் நின்றுபோகும் வண்டி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

அப்பாவின் வண்டியை மறுபடியும் சாலைக்குக் கொண்டுவந்துவிட்டாய் என்று படித்தபோது எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா? இருபது நிமிடம் ஓடியதும் நின்றுபோகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒரே உதையில் கிளம்புகிறது என்று எழுதியிருந்தாய். அதோடு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைப் புதிதாக வாங்கப்போவதாகவும். அதைப் பார்த்ததும்தான் எல்லா வேலையையும் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். வாங்காதே. நோய் என்னவென்று தெரிவதற்கு முன்பே மருந்து வாங்குகிறாய்.

காலையில் சோதித்தேன், பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறி பிளக்கில் நன்றாக வருகிறது என்கிறாய். ஆறிக் கிடக்கும் வண்டியில் பொறி வரத்தானே செய்யும்? வண்டி நின்ற அந்த நிமிடத்தில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல பிளக் ஒன்றையும் உலர்ந்த கையுறையையும் எடுத்துக்கொண்டு கிளம்பு. வண்டி நின்றதும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினில் இருக்கும் பிளக்கைக் கழற்றாமல், அதன் தலையில் மாட்டியிருக்கும் கம்பியின் கேப்பை மட்டும் உருவி, கையில் உள்ள பிளக்கில் மாட்டு. அதன் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டில் அழுத்தமாகப் படும்படி பிடித்துக்கொண்டு கிக்கரை உதை. இன்ஜினில் உள்ள பிளக்கை ஏன் கழற்றக் கூடாது என்றால், திறந்த துளையிலிருந்து பெட்ரோல் ஆவி பீறிடும். பக்கத்திலேயே பொறி பறந்தால் தீப்பிடிக்கும். கேப்பை வெறுமனே தொங்கவிட்டும் உதைக்காதே. வெளியே போக வழியில்லாத உயர் மின்னழுத்தம், அதை உண்டாக்கும் கம்பிச்சுருளான காயிலுக்குள்ளேயே வழி தேடி, அதன் காப்பைத் துளைத்துவிடும்.

நீல நிறத்தில், 'டிக்' என்ற ஓசையோடு பொறி பாய்ந்தால் அந்தப் பிளக்கையே இன்ஜினில் மாட்டிப் பார். அப்போதும் கிளம்பவில்லை என்றால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து மூடு. மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் வண்டி இப்படித்தான் ஓடி ஓடி நிற்கும்.

பொறி மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ என் சந்தேகம் முதலில் கண்டென்சர் மீது. சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காருக்காக உருவாக்கிய முறைதான் உன் வண்டியிலும் இருக்கிறது: பேட்டரி, காயில், இன்ஜின் சுழலச் சுழலத் திறந்து மூடும் சுவிட்சான பாயிண்ட், கண்டென்சர். பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலில் மின்சாரம் ஓடிக் காந்தப்புலம் உண்டாகிறது. பாயிண்ட் திறந்ததும் அந்த மின்சாரம் வெட்டினாற்போல நிற்க வேண்டும். அப்போதுதான் பிளக்கில் பொறி பாயும். அப்படி நிற்கவிடுவது கண்டென்சர். அது கெட்டுவிட்டால் மின்சாரம் பாயிண்டின் இடைவெளியைத் தாவி ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்குக்குப் போக வேண்டிய பொறி பாயிண்டிலேயே எரிந்து தீரும். பல வண்டிகளில் கண்டென்சர் இன்ஜின் சூட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே பழசான காப்பு சூட்டில் மின்சாரத்தைக் கசியவிடும். ஆறினால் மறுபடி ஒழுங்காகிவிடும். உன் வண்டி செய்வதும் இதைத்தானே?

இருட்டிய பிறகு பாயிண்ட் மூடியைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடும்போது பார். ஊசிமுனை அளவு மினுக்கம் இயல்பு. கண்ணைப் பறிக்கும் அளவுக்குத் தடித்த நீல ஒளி விடாமல் வந்தால் கண்டென்சரை மாற்று. புதியதை இன்ஜினை விட்டுத் தள்ளி, காயிலுக்குப் பக்கத்தில்கூட வைக்கலாம். அதன் உடலுக்கு நல்ல எர்த், அதாவது வண்டியின் உலோகத்தோடு நல்ல தொடர்பு, கிடைக்க வேண்டும், கம்பி பாயிண்டோடு சேர வேண்டும், அவ்வளவுதான்.

மூடியைத் திறந்த கையோடு பாயிண்ட் முகங்களையும் பார்த்துவிடு. ஒன்றில் சிறு மேடும் எதிரே அதற்கேற்ற குழியும் இருந்தால் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் உன்னை ஏமாற்றும். தகடு மேட்டின் மேல் உரசி நிற்கும், நீயோ இடைவெளி சரி என்று நினைப்பாய். மேட்டை மெல்லிய அரத்தால் சமன்செய்து, சுத்தமான கெட்டித் தாளை நடுவில் விட்டு இழு. எண்ணெய்ப் பிசுக்கு போகும். முழுதாகத் திறந்த நிலையில் பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு 0.3 முதல் 0.4 மி.மீ. வரை கேட்கும். தகடு இலேசான பிடிப்போடு நழுவ வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும், அதாவது பொறி பாயும் நேரமும், மாறும் என்பதால் இதை முடித்த பிறகே டைமிங்கில் கை வை.

கண்டென்சரை மாற்றியும் தீரவில்லை என்றால் அடுத்தது காயில். மல்ட்டிமீட்டரால் அளப்பதென்றால் வண்டி நின்ற சூட்டோடு அள. ஆறிய காயில் சரியான மின்தடையை (ஓம்) காட்டும், அதை நம்பிப் பலர் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறார்கள். சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதே. பாயிண்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடியே கிடந்தால் நல்ல காயிலும் வெந்துவிடும்.

அடுத்த முறை நின்ற இடத்தில் பொறி என்ன நிறத்தில் இருந்தது என்று எனக்கு எழுது. கார்புரேட்டருக்கு எடுத்துவைத்த பணத்தை அதுவரை தொடாதே.

அன்புடன்,
அண்ணன்