பழைய சுவரில் சிமெண்ட் பூசாதீர்கள்: வழிபாட்டிட நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளிவாசல் ஜமாஅத்தார், தர்கா நிர்வாகிகள், திருச்சபைக் குழுவினர், விகாரைப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தரங்கம்பாடியில் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், நாகூர் தர்காவில் தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப் சிங் எழுப்பிய 131 அடி மினாரா, இலங்கை அநுராதபுரத்து ஜேதவனாராமய பௌத்தத் தூபி: மூன்றையும் கட்டியது செங்கல் உடலும் சுண்ணாம்புத் தோலுமாகத்தான். நாகையில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடாலயத்தின் எச்சமாகக் கருதப்பட்ட செங்கல் கோபுரத்தை 1867-இல் இடித்தே விட்டார்கள். மிஞ்சியிருக்கும் பழைய கட்டடங்களை இன்று பராமரிப்பு என்ற பெயரிலேயே இழந்துகொண்டிருக்கிறோம்.

கடலோர மண்ணின் ஈரம் உப்போடு சேர்ந்து அடிச்சுவரில் ஏறும். சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும். ஈரம் காற்றில் போகும், உப்பு பூச்சின் மேல் பூக்கும், பூச்சு மெல்ல உதிரும். உதிர்வதற்காகவே அது இருக்கிறது. சில ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதியை மட்டும் புதுப்பித்தால் போதும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடும். மூன்றடியில் நின்ற ஈரம் ஆறடிக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலையே பொடியாக்கும். வெளியே பளிச்சென்று தெரிகிற சுவரை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொப் டொப்பென்று கேட்டால் உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கிறது. எமல்ஷன் பெயிண்டும் மார்பளவுக்கு ஒட்டும் டைல்ஸும் இதே கேட்டைத்தான் செய்கின்றன.

தூபிக்கு ஆபத்து வேறு வகை. அது உள்ளே வெற்றிடமில்லாத செங்கல் மேடு. சிமெண்ட் மேலோட்டின் விரிசலில் புகும் மழைநீர் வெளியேற வழியின்றித் தங்கும். அந்த ஈரத்தில் அரச மர வேர் பிடித்துக்கொள்ளும்.

ஏற்கெனவே பூசிய சிமெண்டைச் சிற்றுளியாலும் கைச்சுத்தியாலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பிரேக்கர் மெஷின் வைத்தால் செங்கல் முகமும் பெயர்ந்து வரும். எடுத்த சுவரை ஒரு கோடைக்காவது வெறுமனே காயவிடுங்கள். பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றி, சல்லடையில் வடித்து, தண்ணீருக்கடியில் இரண்டு மாதமாவது வையுங்கள். சரியாக நீறாத கட்டிகள் பூச்சில் கலந்தால் பிறகு பொங்கி, அம்மைத் தழும்பு போலத் தெறிக்கும். அடிப்பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மேற்பூச்சுக்கு ஒன்றுக்கு இரண்டு. கடற்கரை மணல் கூடவே கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் பிசைவது நம் கொத்தனார்களின் பழைய வழக்கம். ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, தாண்டினால் வெடிக்கும். ஈரச் சாக்கால் மூடி, ஒரு வாரம் நீர் தெளித்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். மேலே சுண்ணாம்புப் பாலை மெல்லியதாக மூன்று முறை அடியுங்கள்.

சீக்கிரம் இறுகட்டும் என்று கலவையில் ஒரு சட்டி சிமெண்ட் சேர்ப்பார்கள். எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். அந்தக் கலவை சுண்ணாம்பாகவும் நிற்காது, சிமெண்டாகவும் நிற்காது. ஒப்பந்தக்காரர் சொன்னாலும் பொறியாளர் சொன்னாலும் இசையாதீர்கள்.

கந்தூரிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெசாக்குக்கும் முன்னால் வேலை முடிய வேண்டும் என்ற அவசரம் எங்களுக்கும் தெரியும். அதனால் பூச்சு வேலை தொடங்க இரண்டு மாதம் முன்பே சுண்ணாம்புத் தொட்டிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மதிப்பீட்டில் '1:4 சிமெண்ட் பூச்சு' என்ற வரி இருந்தால் அடித்துவிடுங்கள். மிக மோசமான சுவரில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிப் பூச்சு போடச் சொல்லி, ஒரு மழைக்காலம் பாருங்கள். அது நின்றால், பூசிய அதே கொத்தனாரிடம் மீதிச் சுவரையும் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு வேலை செய்வோர்