காலடி காய்ந்திருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை பிறந்தால் போதும், வாயில்லா ஜீவன்களுக்குத் தண்ணீர் வையுங்கள் என்று தங்கள் நாளிதழில் வேண்டுகோள் வந்துவிடும். நல்ல காரியம். எங்கள் வீட்டு மதில்மேலும் ஒரு மண்சட்டி இருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் நாம் வளர்க்கும் நாய், பூனை, குதிரைகளை வெயிலைவிட ஈரம்தான் அதிகம் வாட்டுகிறது. நமக்கு மழை இரண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்னமும் இடவப்பாதி, துலாமழை என்றே பெயர் சொல்வார்கள். ஜூனில் பிடிக்கும், நடுவில் கொஞ்சம் வெளுக்கும், அக்டோபரில் மறுபடி தொடங்கி டிசம்பர்வரை இழுக்கும். அந்த மாதங்களில் இந்த ஜீவன்கள் எங்கே நிற்கின்றன, எதன்மேல் படுக்கின்றன என்று எத்தனை வீட்டில் பார்க்கிறோம்?

எங்கள் வீட்டிலேயே பார்க்கவில்லை. கறுப்பன் என்று ஒரு நாய் வளர்த்தோம். பின்புறம் கிணற்றடியை ஒட்டிக் கட்டியிருந்தோம். மேலே ஓடு உண்டு, கீழே சிமென்ட் தரை. ஆடி மாதச் சாரலில் அந்தத் தரை ஒருநாளும் காய்ந்ததில்லை. ஒருநாள் காலை சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். மழைக்குச் சுணங்கிக் கிடக்கிறான் என்று நினைத்தோம். இரண்டாம் நாள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போயிற்று. எலிக்காய்ச்சல் என்றார் மருத்துவர். நான்காம் நாள் போய்விட்டான். எலியின் சிறுநீர் கலந்த ஈரத்தில் கிருமி உயிரோடு இருக்கும், காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். ஆண்டுக்கொருமுறை போடும் தடுப்பூசியில் இதற்கும் மருந்து இருக்கிறது. காம்பவுண்டைத் தாண்டாத நாய்க்கு எதற்கு என்று நான்தான் அந்த வருடம் தள்ளிப்போட்டேன். அதே கிணற்றடியில்தான் என் மனைவி செருப்பில்லாமல் துணி துவைப்பாள். எலிக்காய்ச்சல் மனிதரையும் பிடிக்கும் என்பதை மருத்துவர் சொன்னபோதுதான் அந்தத் தரையை நான் சரியாகப் பார்த்தேன்.

இப்போது இருக்கும் நாய்க்கு நாலு செங்கல்மேல் ஒரு பலகை போட்டிருக்கிறோம். செலவென்று எதுவும் ஆகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மடியில் போட்டு, காதின் உள்மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தேடுவேன். ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அட்டையும் சேர்த்துத் தேட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி ஆண்டுதோறும் போட்டாக வேண்டியது. பூனை வளர்ப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: காய்ச்சல் என்று நாம் விழுங்கும் பாரசிட்டமாலை அதற்குக் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

குதிரையைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. என் தாத்தா வடசேரியில் குதிரை வண்டி ஓட்டியவர். இரவு எந்நேரம் வந்தாலும் நாலு குளம்பையும் தூக்கிச் சுரண்டிவிட்டுத்தான் கை கழுவுவார். போன டிசம்பர் சீசனில் நம் கடற்கரை ஒன்றில் சவாரிக் குதிரையைக் கண்டு, குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டு அதன் முன்காலைத் தூக்கினேன். குளம்பின் நடுவே மெத்தென்று இருக்க வேண்டிய பகுதி கறுத்துக் குழைந்திருந்தது. அழுகல் நாற்றம். விரல் வைத்ததும் குதிரை காலை உதறியது. அந்தத் தம்பி மறைக்கவில்லை. “மழ பிடிச்சா இதுக்க காலுதான் சார் மொதல்ல போவும். கெட்டியிடதுக்கு எடம் இல்ல” என்றார். குழந்தைகள் ஏறுவதற்கு வரிசையில் நின்றார்கள்.

குதிரை நின்றபடியே தூங்கும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. ஆழ்ந்து உறங்க அது படுத்தாக வேண்டும், ஈரத் தரையில் படுக்கத் தயங்கும். அப்படியானால் தரை காயாத மழைக்காலத்தில் அதற்குச் சரியான உறக்கம் கிடைப்பது அரிது. ஈரத்தில் ஊறிய குளம்பில் ஆணியோ கிளிஞ்சலோ குத்தினால் ரண ஜன்னி (டெட்டனஸ்) வரலாம். அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது, வீட்டு விலங்குகளில் குதிரையைப் போல அதற்கு எளிதில் பலியாவது வேறில்லை. இதற்கும் தடுப்பூசி உண்டு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும்.

தீவனமும் மழையில்தான் கெடும். நனைந்து பூஞ்சை பிடித்த வைக்கோலை மாடு தின்றாலே கேடு, குதிரைக்கு இன்னும் கேடு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்டது உள்ளே போனால் குடல் வலியில் புரண்டே உயிரை விடும். மணல்மேல் புல்லைப் போட்டால் மணலும் சேர்ந்து வயிற்றில் தங்கும். அகலமான ஒரு தொட்டி போதும். சுற்றுலா வருபவர்கள் பாசத்தில் நேந்திரங்காய் சிப்ஸை நீட்டுகிறார்கள், தயவுசெய்து வேண்டாம். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கிலோ உலர்தீவனம் வேண்டும். சபரிமலை சீசன் முடிந்து சவாரி குறைந்த பிறகும் அதே 6 கிலோதான். வருமானம் நின்ற மாதத்தில் குதிரையின் விலா எலும்பை எண்ணலாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள், நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கின்றன. 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை அறவே கூடாது. நம் கரையோரம் 37 டிகிரி அபூர்வம். ஆனால் உப்புக்காற்றின் புழுக்கத்தில் வியர்வை காய்வதில்லை, உடம்பு தணிவதில்லை. வெப்பமானி 33 காட்டும்போதே குதிரை நுரை தள்ளுவதைக் கண்டிருக்கிறேன்.

சவாரிக்கு அனுமதி தரும் உள்ளாட்சி அமைப்புகளிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. கடற்கரைக்கு அருகே மேடான இடத்தில் ஒரு கூரை, தண்ணீர்க்குழாய், தரையில் தேங்காய் நார்த்துகளோ மரத்தூளோ. நம் மாவட்டத்தில் இவற்றுக்கா பஞ்சம்? குளம்பு சீவியதற்கும் ரண ஜன்னி ஊசி போட்டதற்கும் கால்நடை மருத்துவரின் சான்று பார்த்த பிறகு அனுமதியைப் புதுப்பிக்கட்டும். குதிரைக்காரர்களை விரட்டிவிடக் கூடாது. அந்தத் தம்பிக்கும் பிழைப்பு அதுதான். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற இலவச எண்ணை அவர் கேள்விப்பட்டதே இல்லை. என் பேனாவால் அவர் உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தேன்.

இடவப்பாதி தொடங்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. கூரை போடுவதானால் இப்போதே போட வேண்டும். தண்ணீர்ச்சட்டி படத்தோடு அந்த 1962 எண்ணையும் தாங்கள் தினமும் அச்சிட்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.