பூட்டு சாவி சின்னத்தில் குத்தினவர்களுக்கும் குத்தாதவர்களுக்கும்

வணக்கம். ஜெயித்திருந்தால் மாலையோடு வீடு வீடாக வந்து கும்பிட்டிருப்பேன், ரெண்டு சரம் வேட்டும் வெடித்திருக்கும். தோற்றவள் அப்படி வந்தால் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன். பெரியவங்களுக்குப் பேரப்பிள்ளைகள் போனில் படித்துக் காட்டட்டும்.

2019 டிசம்பரில் நடந்த நம்ம ஊராட்சித் தலைவர் தேர்தலில் 38 ஓட்டில் தோற்றேன். 2020 ஜனவரி 2ஆம் தேதி காலையில் ஓட்டு எண்ணுகிற இடத்துக்கு, பென்னாகரம் போய் உட்கார்ந்தது. எல்லாம் வாக்குச்சீட்டு, ஆளுக்கு நாலு ஓட்டு, கலர் கலராகப் பிரித்துக் கட்டின பிறகுதான் எண்ணவே ஆரம்பிப்பார்கள். தலைவர் பதவிக்கான நம்ம ரோஸ் கட்டு மேசைக்கு வந்தபோது நடுராத்திரி தாண்டிவிட்டது, வீட்டுக்கு வரும்போது கோழி கூவிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் மேட்டுக்கொட்டாய் அண்ணி சுடுதண்ணி வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணி, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்தது மாவு மில் அண்ணனுக்கு. என் மனுவை முன்மொழிய நாலு பேரிடம் கேட்டேன், நாலு பேரும் "வேற யாரையாச்சும் பாரும்மா, நாளைக்கு அவங்க மூஞ்சியில முழிக்கணும்" என்றார்கள். அண்ணன் மெஷினை நிறுத்திவிட்டு, மாவுக் கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளில் இன்னும் கேழ்வரகு மாவு ஒட்டியிருக்கும். டெபாசிட் 600 ரூபாய், அதாவது எனக்கு நாலு லைனிங் ஜாக்கெட் தைத்த கூலி. தலைவர் தேர்தலுக்கு 34,000 ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று விதி இருந்தது, எனக்கு ஆனது 11,240. அதிலும் பாதி நோட்டீஸுக்கும், டாட்டா ஏஸ் தம்பிக்குப் போட்ட டீசலுக்கும் போனது. வண்டி வாடகையைத் தம்பி வாங்கவே இல்லை.

ஒரு தையல்காரி, அதுவும் ஒரத்தநாடு பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், தலைவருக்கு நிற்கலாமா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். வந்து பதினெட்டு வருஷம் ஆச்சு, இன்னும் "தஞ்சாவூர்க்காரி"தான். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் 2016 அக்டோபரில் பழைய தலைவர்கள் காலம் முடிந்ததிலிருந்து மூணு வருஷத்துக்கு மேல் நமக்குத் தலைவரும் இல்லை, வார்டு மெம்பரும் இல்லை, அரசு போட்ட தனி அலுவலர்தான் இருந்தார். தெருவிளக்கு பீஸ் போனால் யாரைக் கேட்பது? தர்மபுரி கலெக்டர் ஆபீஸ் மனுநாளுக்கு ஒவ்வொரு திங்கள்கிழமையும் பஸ் பிடித்தால் தையல் மெஷினை யார் மிதிப்பது? மனு கொடுத்த ரசீதெல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், பையின் காது அறுந்துவிட்டது. அந்தப் பையைப் பார்க்கப் பார்க்கத்தான் நின்றுபார்த்தால் என்ன என்று தோன்றியது.

ஓட்டுக் கேட்டு வந்தபோது நான் மறக்கவே முடியாதது கீழ்த்தெரு ஆயா சொன்னது. நான் சிரித்துக்கொண்டே நோட்டீஸை நீட்டினேன். ஆயா என் முகத்தையே பார்த்துவிட்டு, "பல்லு இப்படி வெளுப்பா இருக்கறவளுக்கு எங்க தண்ணியப் பத்தி என்னா தெரியும்?" என்றது. கூட வந்த பிள்ளைகளெல்லாம் சட்டென்று அமைதியாகிவிட்டார்கள். எனக்கு என்ன பதில் சொல்வதென்றே தெரியவில்லை. பின்னால் நோட்டீஸ் கட்டோடு நின்ற என் பையனைக் கூப்பிட்டு, "ஆயாவுக்குப் பல்லைக் காட்டுடா" என்றேன். அவனுக்குப் பதினாறு வயசு, போட்டோவுக்குக்கூட வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பான். அன்றைக்குக் காட்டினான். முன்பல் நாலிலும் பழுப்பு வரி. ஆயா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊட்டுப் பையன்தான்" என்றது, அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பிறந்த ஊருக்குக் கல்லணைக் கால்வாயில் வருகிற தண்ணீர் நம்ம ஒகேனக்கல்லில் விழுந்து, மேட்டூரைத் தாண்டித்தான் வருகிறது. அந்தத் தண்ணீரை எங்கோ கடைசியில் குடித்து வளர்ந்தவள் பல் வெள்ளையாக இருக்கிறது. அருவிக்குப் பக்கத்திலேயே பிறந்த என் பிள்ளை போர் தண்ணீர் குடித்துப் பல்லைக் கறையாக்கிக்கொண்டான். இந்த மண்ணின் பாறையில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது என்கிறார்கள். காய்ச்சினாலும் அது போகாது. சின்ன வயசில், ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே கறை ஏறிவிடும், அப்புறம் எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினது 2008இல், தொடங்கி வைத்தது 2013இல். அதற்குள் என் பையனுக்குப் பத்து வயசு முடிந்து, முன்பல்லெல்லாம் முளைத்துவிட்டது. திட்டம் வந்ததில் சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கும் நம்ம மேல்நிலைத் தொட்டியில் ஒகேனக்கல் தண்ணீர் பத்தாத நாளில் போர் தண்ணீரைக் கலந்துதான் விடுகிறார்கள். எவ்வளவு கலக்கிறார்கள், எந்தெந்த நாளில் கலக்கிறார்கள் என்று தொட்டிக்கு அடியில் ஒரு போர்டில் எழுதி வையுங்கள் என்றுதான் நான் மூணு வருஷமாக மனு கொடுத்தது. ஒரு போர்டு. அதற்கு என்ன பெரிய நிதி வேணும்?

எனக்குக் கிடைத்த சின்னம் பூட்டு சாவி. "மோட்டார் ரூம் சாவி யாருகிட்ட, அதைச் சொல்லு மொதல்ல" என்று நம்ம பையன்கள் வண்டியில் மைக் போட்டுக் கத்தினது நான் எழுதிக்கொடுத்தது இல்லை, அவர்களாகக் கட்டினது. பெங்களூரில் சென்ட்ரிங் வேலையை விட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸில் ஓசூரிலிருந்து நின்றுகொண்டே வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, அன்று சாயந்திரமே திரும்பிப் போன ஏழு பேருக்கும் நன்றி. ஒரு நாள் கூலி போனதைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

எதிர்த்து நின்று ஜெயித்த அக்காவுக்கும் ஒரு வார்த்தை. அவர் போஸ்டரில் அவரைவிட அவர் வீட்டுக்காரர் படம்தான் பெரிசு, அது ஊருக்கே தெரியும். ஆனாலும் முடிவு தெரிந்ததும் அவரே போன் பண்ணி, "நீ எழுதிக் கொடுத்த அந்த போர்டு விஷயத்த எங்கிட்ட ஒரு தடவ சொல்லு" என்று கேட்டார். சொன்னேன். செய்வாரா என்று பார்ப்போம். அவர்கள் தரப்பில் வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம் கொடுத்தார்கள், குழாய் வராத தெருவுக்கும் கொடுத்தார்கள். வாங்கினவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அதில் ரெண்டு பேர் அந்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து, "உனக்குத்தான் போட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஊர் முழுக்க நான் அதிகம் கேட்டது "எவன் வந்தா நமக்கென்ன" என்பதைத்தான். முதல் ரெண்டு நாள் சுருக்கென்று இருந்தது. அப்புறம் உட்கார்ந்து கேட்டேன். முதியோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு அலைகிறவர், நூறு நாள் வேலைக் கூலி பேங்கில் ஏறாதவர், பட்டா மாற்றத்துக்குப் போய் மூணு தடவை திரும்பி வந்தவர். வெறுப்பு சும்மா வரவில்லை, ஒவ்வொருத்தரிடமும் தேதியோடு கணக்கு இருக்கிறது. என் கணக்குப் பையைவிட அவர்களுடையது பெரிசு. "உனக்குப் போட மாட்டேன், யாருக்கும் போட மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களுக்கு ரொம்ப நன்றி, நீங்கள்தான் என்னிடம் பொய் சொல்லாதவர்கள்.

எண்ணும்போது செல்லாத சீட்டு ஒன்றைக் காட்டினார்கள். நாலு வேட்பாளர், நாலு சின்னத்திலும் முத்திரை, ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டாமல் நடுமத்தியில் அழகாகக் குத்தியிருந்தது. தெரியாமல் குத்தினது இல்லை. உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா கிடையாதே, அவர் அதைத் தானே செய்துகொண்டார். யாரென்று தெரியாது, தெரியவும் வேண்டாம். அவ்வளவு பொறுமையாக வரிசையில் நின்று, உள்ளே போய் நாலு தடவை குத்தியிருக்கிறீர்கள். ஒரு நாள் கடைக்கு வாங்க, டீ சாப்பிடலாம்.

என் மாமியாருக்கு நன்றி சொன்னால் திட்டுவார். நிற்கப் போகிறேன் என்றதும் பதினோரு நாள் பேசாமல் இருந்தவர், கடைசி நாள் யாரிடமும் சொல்லாமல் தெருத்தெருவாகப் போய்க் கேட்டிருக்கிறார், அதுவும் "எம் மருமகளுக்குப் போடாட்டியும் பரவால்ல, போய் ஓட்டப் போடுங்க" என்று. எனக்கு வந்ததில் எத்தனை அவர் கொண்டுவந்ததோ.

ஜனவரி 26 கிராமசபைக்கு அந்தப் பையோடு வருகிறேன், போர்டு விஷயம் தீர்மானத்தில் ஏற வேண்டும், முடிந்தவர்கள் வந்து உட்காருங்கள். மிச்சமான நோட்டீஸ் ரெண்டு கட்டு இருக்கிறது, பின்பக்கம் வெள்ளை, பள்ளிப் பிள்ளைகள் கணக்குப் போட எடுத்துக்கொள்ளலாம். மைக் செட்டை நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். பொங்கலுக்கு ஜாக்கெட் கொடுத்தவர்கள் இந்தத் தேர்தலால் ரொம்பப் பொறுத்துவிட்டீர்கள், போகிக்கு முன்னாடி எல்லாம் தைத்துவிடுவேன். இனிமேல் புதுசாக யாரும் கொண்டுவராதீர்கள், சத்தியமாக முடியாது.