மழைக்கு முந்தைய நாள்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பதில் போடாததற்குத் திட்டுவாய், திட்டிக்கொள். கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம், ஆனால் மூன்றாம் நாளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன் என்று பெருமையாக வேறு எழுதியிருக்கிறாயே, உனக்கே இது நன்றாக இருக்கிறதா?

நீ கேட்ட கேள்விதான் இத்தனை நாளும் என்னைப் பிடித்து வைத்திருந்தது. ஒரே ஆறு, ஏறக்குறைய ஒரே அளவு மழை, ஒருமுறை கரைக்குள் அடங்கி ஓடிவிடுகிறது, இன்னொரு முறை வீட்டுக்குள் வந்துவிடுகிறது, ஏன்? நானும் முதலில் மழைப் படங்களையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் விடை இல்லை. மழைக்கு முந்தைய நாள் மண் எப்படி இருந்தது என்று தேடிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார். 100 சதுர கி.மீ. பரப்பில் 100 மி.மீ. மழை பெய்தால் விழுந்த தண்ணீர் 1 கோடி கன மீட்டர். காய்ந்த மண் அதில் 40 மி.மீ. குடித்துவிட்டால் ஆற்றுக்கு வருவது 60 லட்சம். ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண் 10 மி.மீ.தான் குடிக்கும் என்றால் 90 லட்சம். அதே மழைதான், வெள்ளம் ஒன்றரை மடங்கு!

இந்த ஊறலைத்தான் ஐரோப்பியர்கள் 2009-இல் அனுப்பிய ஸ்மோஸ், நாசா 2015-இல் அனுப்பிய ஸ்மாப் என்ற இரண்டு செயற்கைக்கோள்களும் அளக்கின்றன. மண் தானாகவே மெலிதாக வெளிவிடும் மைக்ரோவேவ் அலைகளை 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பிடிக்கின்றன, ஈரம் ஏற ஏற அது மங்கும். மேகம் மூடியிருந்தாலும் கவலையில்லை, மழைக்காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் தெரிவது மேல் 5 செ.மீ. மட்டும், அதற்குக் கீழே மாடல் போட்டுத்தான் ஊகிக்க வேண்டும். அடர்ந்த காடு என்றால் அதுவும் தடுமாறும். அவை தரும் படத்தில் ஒரு கட்டமே 40 கி.மீ. அகலம், அதற்குள் உன் சிற்றாறு எங்கே தெரியப்போகிறது? ஸ்மாப்பில் இதைக் கூர்மையாக்க ஒரு ரேடாரும் வைத்திருந்தார்கள், பாவம், ஏவிய சில மாதங்களிலேயே செத்துப்போயிற்று.

அப்புறம் நான் அடித்த கூத்தைக் கேள். ஒரு வெள்ளத்துக்கு 'முந்தைய ஈரம்' என்று எடுத்து வைத்த எண் பிரமாதமாகப் பொருந்தியது. இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. பிறகு நேரத்தைப் பார்த்தால் செயற்கைக்கோள் கடந்தது காலை 6 மணி, மழை பிடித்ததோ நள்ளிரவில்! ஆறு மணி நேரம் நனைந்த மண்ணைக் காட்டி, பார், மழைக்கு முன்பே ஈரம் என்று நானே என்னை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு வயலில் நிற்கும் தண்ணீரும் அந்தச் செயற்கைக்கோளுக்கு ஈர மண்ணாகவே தெரியும். தேங்கிய நீரைத் தனியாகப் பார்க்க சென்டினல்-1 என்ற இன்னொரு செயற்கைக்கோளின் ரேடார் படம் வேண்டும், அதில் அசையாத நீர் கறுப்பாக விழும்.

வானத்து ஈரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், கொட்டும்போது கூடுதலாகக் கொட்ட அது ஒரு காரணம். ஆனால் டி.வி.யில் காட்டும் அந்த நீராவிப் படத்தை வைத்து மட்டும் மழையைச் சொல்லாதே, அது பெரும்பாலும் மேலடுக்கைத்தான் காட்டுகிறது. மழைக்கான சரக்கு கீழடுக்கில் இருக்கிறது.

நீ வருஷக்கணக்காகக் கையால் எழுதிவைத்த ஆற்று நீர்மட்ட நோட்டு இன்னும் இருக்கிறதல்லவா? எனக்கு நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும். ஸ்கேன் செய்து அனுப்பு. இப்போது இல்லை, கண் ஆறட்டும்.

அன்புடன்,
ரவி