நான் போட்ட கையெழுத்து

குடியாத்தம்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியபோது, குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது என்றும், இனி பிள்ளை வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டீர்கள் என்றும், தை பிறந்ததும் மருமகளை ஆம்பூருக்கு அனுப்பி, சம்பந்தி அம்மாவின் துணையோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நினைப்பதாகவும் சொன்னாய். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அந்தச் "சரி" அன்று இரவு முழுவதும் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த விஷயத்தை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நா எழாது என்பதால் எழுதுகிறேன்.

நீ பிறந்தது 1993-இல், உன் தங்கை 1995-இல். அவளுக்கு ஒரு வயது ஆவதற்குள் உன் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அதை நான்தான் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரே ஒருவர்தான் சொன்னார். அப்போது நம் பகுதிக்கு வந்துகொண்டிருந்த சுகாதார நர்ஸ் அவர். நான் பதில் சொல்வதற்கு முன்பே உன் பாட்டி, "ஆம்பளைக்கு எதுக்கும்மா அதெல்லாம், தறி மிதிக்கிற காலு, பலம் போயிடும்" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டாள். நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் தறி நெய்தாலும், பள்ளிக்கூட வாத்தியாராகிய எனக்கு அது தவறான பேச்சு என்று தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது.

சித்திரை மாதத்து வெயிலில் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனோம். உன் தங்கை மடியில் பால் குடித்துக்கொண்டிருக்க, உன் அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் இருந்த தாளை என் பக்கம் தள்ளினார்கள், நான் கையெழுத்துப் போட்டேன். எட்டாவது வரை படித்த, அழகாகக் கையெழுத்துப் போடத் தெரிந்த உன் அம்மாவிடம் அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நானும் படித்துக் காட்டவில்லை, வேறு யாரும் காட்டவில்லை. இந்த ஆபரேஷனுக்குக் கணவன் அல்லது மனைவியின் சம்மதம் கட்டாயமில்லை, செய்துகொள்பவரின் சம்மதமே போதும் என்பதுதான் இன்றைய அரசு நெறிமுறை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தேன். அன்றைக்கு அவளுடைய உடம்புக்கு நான் சம்மதம் கொடுத்தேன்.

தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது. அடுத்த மாதம் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு ஊர்வலம் நம் தெரு வழியாகப் போனபோது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வருஷமும் வாசலில் நிற்கத் தவறாதவள், உள்ளே பாயில் படுத்தபடி மேளச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனாலும் வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்ததால் தார் சுற்ற ஆள் வேண்டியிருந்தது. ராட்டையைச் சுற்ற வலக்கை வேண்டும், நூலைப் பிடிக்க இடக்கை வேண்டும். வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லாததால், பழைய புடவை ஒன்றை நான்காக மடித்து இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். பலம் போய்விடக்கூடாது என்று காப்பாற்றப்பட்ட என் கால்கள் பக்கத்துத் தறிக்குழியில் மிதி மிதித்துக்கொண்டிருந்தன.

இப்போது ஆணுக்குச் செய்யும் ஆபரேஷனைப் பற்றிச் சொல்கிறேன்; நான் படித்தும், மருத்துவரிடம் கேட்டும் தெரிந்துகொண்டது. 1974-இல் சீன மருத்துவர் ஒருவர் உருவாக்கிய முறை நம் நாட்டிலும் பல ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. மரத்துப்போக ஊசி போட்டு, விதைப்பையின் தோலில் கத்தி வைக்காமல் ஒரு சிறு துளை மட்டும் இட்டு, விந்தணு வரும் குழாயை வெளியே எடுத்துத் துண்டித்து அடைத்துவிடுகிறார்கள். தையல் இல்லை, பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். பெண்ணுக்கு என்றால் வயிற்றைத் திறக்க வேண்டும், அல்லது லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்திக் கருவியை விட வேண்டும். ஆண்மை போய்விடும் என்று அஞ்சுவதற்கு இதில் இடமே இல்லை. ஆண் தன்மையைத் தரும் ஹார்மோன் அந்தக் குழாய் வழியாகப் போவதில்லை, இரத்தத்தில் கலந்து போகிறது. வெளிவரும் திரவத்திலும் பெரும்பகுதி வேறு சுரப்பிகளிலிருந்து வருவதால், விந்தணு இல்லாமற்போனது கண்ணுக்கே தெரியாது. சில நாள் வீக்கமும் வலியும் இருக்கலாம், மிகச் சிலருக்கு வலி நீடிப்பதும் உண்டு. அதை மறைத்து உன்னை அழைக்க நான் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் மறக்காதே: ஆபரேஷன் ஆன அன்றே பலன் கிடைத்துவிடாது. மூன்று மாதம் வரை ஆணுறை பயன்படுத்தி, பிறகு விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்று உறுதியான பின்புதான் நிம்மதி. திரும்ப இணைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்போடும் செய்துகொள்ளக் கூடாது.

இவ்வளவு எளிதாக இருந்தும், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நாட்டில் மணமாகி வாழும் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறார்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்கள் ஆயிரத்துக்கு மூன்று. நம் தமிழ்நாட்டில் பெண்கள் பங்கு இன்னும் அதிகம், நூற்றுக்கு 58 அளவில் வருகிறது. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாடு முழுவதும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு வாசக்டமி என்னும் இந்தக் கருத்தடை ஆபரேஷனைச் செய்தார்கள். வட மாநிலங்களில் பலரை வலுக்கட்டாயமாக இழுத்துப்போனார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க ஜீப் வருகிறது என்று யாரோ சொன்ன வதந்தியில் உன் தாத்தா தறியை அப்படியே விட்டுவிட்டுக் கௌண்டன்யா ஆற்றுப் பக்கம் போய் இருட்டும் வரை வராமல் இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அந்தக் கொடுமைக்குப் பிறகு ஆண்களை நெருங்க அரசுகள் அஞ்சின. பாரம் முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது. ஆண்களின் அச்சத்துக்கு நியாயம் இருந்தது. அதற்கான விலையைப் பெண்கள் கொடுத்ததில் எந்த நியாயமும் இல்லை.

ஆண்களுக்கு ஏதோ கருத்தடை ஊசி வரப்போகிறதாம், வந்ததும் போட்டுக்கொள்கிறேன் என்றாய். கரக்பூர் ஐ.ஐ.டி.யில் சுஜாய் குஹா என்ற பேராசிரியர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்த ஊசி அது. 303 ஆண்களிடம் செய்த சோதனையின் நல்ல முடிவுகள் 2023-இல் வெளியாயின. ஆனாலும் இன்றைக்கு நீ போய்க் கேட்டால் எந்த மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ள முடியாது. அது வரும்வரை காத்திருக்கப்போவது நீ அல்ல, உன் மனைவி. மூத்தவன் பிறந்தபின் கருத்தடைக்காகக் கருப்பைக்குள் காப்பர்-டி வைத்துக்கொண்டு, மாதம் பத்து நாள் உதிரப்போக்கோடு அவள் வேலைக்குப் போய்வந்ததை அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். நீ அறிந்திருந்தாயா?

உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. ஆபரேஷன் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் ஆணுறை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு நூற்றில் இரண்டு தம்பதிகளுக்குத்தான் கரு தங்கும். ஏனோதானோவென்று பயன்படுத்துவதால் அது பதின்மூன்று வரை போகிறது. அப்படியானால் அதை வாங்கி வைப்பதும், தீர்ந்துவிட்டதா என்று பார்ப்பதும், இன்றைக்கு வேண்டாம் என்று சோம்பாமல் இருப்பதும் உன் வேலை. அவள் நினைவுபடுத்த வேண்டிய வேலை அல்ல. எல்லாவற்றுக்கும் முன்னால், இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அவளே ஆபரேஷன் செய்துகொள்ள விரும்பினால் அது அவள் முடிவாக இருக்கட்டும். நீ வாயைத் திறக்காததால் வந்த முடிவாக இருக்க வேண்டாம்.

உனக்குச் சம்மதம் என்றால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் நான் விசாரித்து வைக்கிறேன். அரசு மருத்துவமனையில் செலவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை பெங்களூரில் ரயில் ஏறிவிடு, காட்பாடிக்கு நான் வருகிறேன். சனிக்கிழமை முடிந்தால் இரண்டு நாள் இங்கேயே ஓய்வெடுத்துக்கொள். ஒரு வாரத்துக்குக் கனம் தூக்கக்கூடாது, வண்டி ஓட்டக்கூடாது.

எழுதி முடித்ததும் இதை அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். முதலில், தையல் ஆற மூன்று வாரம் ஆயிற்று என்று எழுதியிருந்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மூணு வாரம் இல்ல, நாப்பது நாள்" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன். நாற்பது நாள் என்று இங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா