மரத்தை யாரும் தட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் தோட்டப்புற வாழ்க்கையைப் பற்றி வந்த கட்டுரையை என் பேத்தி சத்தம் போட்டு வாசித்தாள். பள்ளியில் தமிழ் வாசிப்புப் போட்டி வருகிறது, அதற்குப் பயிற்சி. ரப்பர் மரங்களைத் 'தட்டும்' தொழிலாளர்கள் விடியுமுன் எழுந்தார்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, "ஏன் பாட்டி தட்டுனாங்க? மரம் தூங்குதா?" என்று கேட்டாள்.

22 வருடம் ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்த அம்மாவுக்குப் பிறந்தவள் நான். சிரித்துவிட்டேன். இரவெல்லாம் மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியவர் 'டேப்' என்ற வினைச்சொல்லைப் பார்த்ததும் கதவைத் தட்டுகிற தட்டல்தான் என்று எழுதிவிட்டார். அல்லது கணினி எழுதிக் கொடுத்திருக்கும். (ஒலிநாடாவைச் சொல்லவில்லை, தண்ணீர்க் குழாய்க்குச் சொல்கிறோமே, அந்த 'டேப்'.) நான் கோலாலம்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். தட்டுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

அலுவலகத்தில் கனமான ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. வேலை இல்லாத மதியங்களில் அதைத்தான் புரட்டுவேன். அதில் 'டேப்' ஒரு சொல் அல்ல, இரண்டு. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்று, பிறந்த வீடு வேறு. மெல்லத் தட்டுவது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. இன்னொன்று பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. மதுப் பீப்பாயின் துளையை அடைக்கும் கட்டைக்கு அந்தப் பெயர். கட்டையைப் பிடுங்கி மதுவை இறக்குவது வினையாயிற்று. அப்படி வார்த்துக் கொடுத்தவரை 'டேப்ஸ்டர்' என்றார்கள். அந்த 'ஸ்டர்' ஆரம்பத்தில் பெண்பால் விகுதி. அம்மா இருந்திருந்தால் இதைக் கேட்டு ரசித்திருப்பார்.

அந்தக் கட்டையின் வடிவத்தை வைத்துத்தான் மண்ணுக்குள் நேராக இறங்கும் வேருக்கும் அதே சொல்லைச் சேர்த்தார்கள். நாம் ஆணிவேர் என்கிறோம். அவர்களுக்குக் கட்டை, நமக்கு ஆணி. இராணுவத்தில் 'டாட்டூ' என்று வாத்திய அணிவகுப்பு நடத்துகிறார்களே, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான்: பீப்பாயை அடை என்று இரவில் முரசடித்துச் சொன்ன டச்சுச் சொல். கையில் பச்சை குத்தும் டாட்டூ வேறு, அது பசிபிக் தீவுகளிலிருந்து வந்தது.

அடைத்திருப்பதில் வழி செய்து உள்ளே இருப்பதை எடுப்பது என்று பொருள் விரிந்த பிறகு, தந்திக் கம்பியில் திருட்டு இணைப்புக் கொடுத்துச் செய்தி கேட்டதும் 'டேப்' ஆனது. தொலைபேசியை ஒட்டுக்கேட்பதும் அப்படித்தான். நம் பால்மரமும் அந்த வரிசை. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பிரேசில் காடுகளில் கோடரியால் கொத்திப் பால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு 1888-இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் சாகாமல் அதே கோட்டில் மெல்லியதாகச் சீவிச் சீவி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

அந்தச் சீவலைத்தான் அம்மா செய்தார். இருட்டிலேயே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மர வரிசையான நிரைக்குள் இறங்குவார். முந்தின வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நீளமாக உரித்துக் கூடையில் போட்டுவிட்டு, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும் கோட்டில் கத்தியை வைத்து இழுப்பார். பட்டை சுருண்டு விழும், தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருந்தால் அதிகம். ஆழம் போனால் மரத்துக்குக் காயம். புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், அந்த இடத்தில் மறுபடி கத்தி ஓடாது. கங்காணி வந்து காயத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அம்மாவின் கையில் இருந்த காயங்களை யாரும் தடவிப் பார்த்ததில்லை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். விடுமுறையில் நான் பால் வடியும் கிண்ணமான மங்கு துடைக்கப் போவேன். இத்தனையிலும் தட்டல் என்று ஒன்று உண்டென்றால், கவிழ்ந்த மங்குக்குள் இருந்த எறும்பை நான் தட்டிவிட்டதுதான்.

எங்கள் பேச்சில் அது 'மரம் வெட்டுவது'. ஒருமுறை தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த மாமா, ஒரு நாளைக்கு எத்தனை மரம் வெட்டுவாய் என்று அம்மாவைக் கேட்டார். "நானூறுண்ணே" என்றார் அம்மா. மாமா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார், தோட்டம் இன்னும் இருக்கிறதா என்று.

மலாயில் 'தோரே' என்பார்கள், கீறுவது. ஆக மலாய்க்காரரும் நாமும் கத்தியைச் சொன்னோம், ஆங்கிலம் பாலைச் சொன்னது. கத்தி பிடித்தது யார், பாலுக்குக் கணக்கு எழுதியது யார் என்று பார்த்தால் இது புரியும் என்றேன். "அம்மா, இது கொஞ்சம் ஓவர்" என்கிறான் என் மகன். இருக்கட்டும்.

இரண்டு 'டேப்'பையும் செய்த ஒரே ஆள் எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைக்குக் கள் இறக்கியவர். தென்னம்பாளையைச் சீவுவார், சின்னக் கட்டையால் அதை நிஜமாகவே தட்டவும் செய்வார். கட்டுரை அவரைப் பற்றி இருந்திருந்தால் பாதி மதிப்பெண் போட்டிருப்பேன்.

செந்தூல் எல்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் "கார்டை டேப் பண்ணுங்க பாட்டி" என்று பேத்தி சொல்வது பிரெஞ்சு 'டேப்'. அங்கேயும் வைத்தாலே போதும், கதவு திறக்கும். நான்தான் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு தட்டுகிறேன்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் ஞாயிறு என்று போட்டிருக்கிறீர்கள். அதில் 'பால்வெட்டு' என்றோ 'மரம் சீவுதல்' என்றோ திருத்திவிடுங்கள். பேத்திக்குப் போட்டி அடுத்த புதன்கிழமை.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்.