அந்தமான் போகிறவர்கள் நீர்வற்றத்தையும் பொழுதையும் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அந்தமான் பேக்கேஜ் நோட்டீஸ்கள் வீடு தேடி வருகின்றன. ஐந்து நாளில் எல்லாத் தீவும் என்கிறார்கள். கடலின் கணக்கு அதில் இல்லை.

முதலில் மாதம். மே 20 வாக்கில் தென்மேற்குப் பருவமழை முதலில் எட்டிப்பார்ப்பது அந்தமான் கடலைத்தான். அதன்பின் தீவுகளுக்கிடையேயான படகுகள் எந்த நாளும் நின்றுபோகலாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை முடிந்ததும், ஏப்ரலிலேயே போய் வந்துவிடுவது நல்லது.

நம் துறைமுகத்திலிருந்து கப்பலில் போகிறவர்களுக்கு ஏறத்தாழ மூன்று நாள் பயணம். வானிலையைப் பொறுத்து புறப்பாடும் மாறும், போய்ச் சேரும் நேரமும் மாறும். அதனால் இறங்கும் நாளிலேயே ஹேவ்லாக் தீவுப் (இப்போது ஸ்வராஜ் தீவு) படகுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். வாந்தி வருகிறவர்கள் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, கப்பல் ஆடத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். வந்தபின் போட்டால் வயிற்றில் தங்காது.

தீவில் கடிகாரம் நம் கடிகாரம்தான். ஆனால் சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முந்தி உதித்து, முந்தியே மறையும். டிசம்பரில் மாலை 5 மணி வாக்கில் இருட்டிவிடும். காலை 5 மணிக்கே கிளம்பிப் பழகுங்கள்.

நீல் தீவின் (இப்போது ஷஹீத் தீவு) இயற்கைப் பாறைப் பாலத்தைக் கடல் வற்றும்போது மட்டுமே நடந்து போய்ப் பார்க்க முடியும். வற்றும் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று 9 மணி என்றால் நாளை 9.50. பேக்கேஜில் அச்சடித்த நேரத்தை நம்பிப் போனால் தண்ணீர்தான் தெரியும். பவளப்பாறை வழுக்கும், காலைக் கிழிக்கும்; ரப்பர் செருப்பு போதாது, பின்பக்கம் வாருள்ள செருப்பு வேண்டும்.

ஸ்கூபா டைவிங்கைக் கடைசி நாளுக்கு வைப்பதுதான் பெரிய தவறு. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், விமானம் மேலே ஏறும்போது இரத்தத்தில் குமிழாகும். டைவிங்குக்கும் விமானத்துக்கும் இடையே 18 மணி நேரமாவது விடுங்கள்.

பாரட்டாங் தீவுக்குப் போகும் வழியில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து கான்வாயில்தான், அதாவது காவலோடு வரிசையாகப் போகும் வண்டிகளோடுதான், போக முடியும். அது ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி. வண்டியை நிறுத்துவது, படம் பிடிப்பது, தின்பண்டம் கொடுப்பது எல்லாமே சட்டப்படி குற்றம். அவர்கள் காட்சிப்பொருள் அல்ல.

பாரட்டாங்கோடு திரும்பிவிடாமல் வடக்கே மாயாபந்தர் வரை போங்கள் என்பது எங்கள் ஆசை. 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் வெபி கிராமம் அங்கேதான். அத்தோ என்ற பர்மா நூடுல்ஸும் பர்மா பஜாரும் உள்ள வடசென்னைக்காரர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது. வங்காளி, ராஞ்சி (ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து வந்தவர்கள்), தெலுங்கு, மலையாளக் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கிறார்கள், பொதுப்பேச்சு இந்தி. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அபர்டீன் பஜாரில் தமிழே போதும்.

சென்னையிலிருந்து புறப்படும் கப்பல்களின் தேதியையும் மாற்றங்களையும் தங்கள் நாளிதழ் வாரந்தோறும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
ராயபுரம், சென்னை – 13